யாரிடம் கேட்டாய்?

பக்ரீத் பண்டிகையன்று எங்கள் எதிர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய வட்டலப்பம் வந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேக வைக்கிற அந்தப் பண்டத்தை ஒரு தடவை ருசி பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம். ஆகவே மறுநாள் சாயங்காலம் அதில் கொஞ்சம் முறுக்கைப் போட்டு எடுத்துக் கொண்டு போனேன். போன நேரம் சரியில்லை. அங்கே ஒரு பெரிய வழக்கு நடந்து கொண்டிருந்தது.

பிரதிவாதி அந்த வீட்டுப் பெண். வயது பதினேழு. பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். பி.ஏ. சரித்திரம் படிக்க வேண்டும் என்கிறாள். வாதி, அவளுடைய தகப்பனார். பொல்லாத மனிதர் என்று நினைத்து விடாதீர்கள். மகளுக்குத் தலைவலி என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிறவர். ஆனால் காலேஜ் விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

"ஓதத் தெரியுது, எழுதத் தெரியுது, கணக்குப் பார்க்கத் தெரியுது. பொம்பளைப் புள்ளைக்கு அது போதும்னுதான் நம்ம மார்க்கத்துலே இருக்கு" என்று வாதியே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கூடத்து மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த பாட்டியம்மாள் உரலை நிறுத்தினார். கீழக்கரைக்காரர். எண்பது வயதைத் தாண்டியவர்.

"அப்படின்னு யாருகிட்டே கேட்டே, வாப்பா?"

"எல்லாரும் சொல்றதுதானே, உம்மா!"

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு."

மகனிடமிருந்து பதில் வரவில்லை. நான் தூக்கைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு மெதுவாக நழுவி விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பாட்டியம்மாளின் கேள்வி காதில் ஒலித்துக் கொண்டே இருந்தது. அரபி தெரிந்த பேராசிரியர் ஒருவரைப் பிடித்தேன். இரண்டு வாரம் அவரையும் தூங்க விடவில்லை, நானும் தூங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாட்டியம்மாள் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல என்று. இஸ்லாமியக் கல்வி என்னும் மாளிகை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் எழும்பி நிற்கிறது. அதிலும் நம் போன்ற பெண்கள் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய சங்கதிகள் பல இருக்கின்றன. கேளுங்கள்.

கி.பி. 610. அரேபியப் பாலைவனத்தில் மக்கா நகரம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஊருக்கு வெளியே, ஹிரா மலைக் குகையில் தனித்திருந்த நபிகள் நாயகம் அவர்களுக்கு முதன் முதலில் இறங்கிய வேத வாக்கு ஓதும்படி இட்ட கட்டளை என்பது இஸ்லாமியரின் நம்பிக்கை. முதலில் இறங்கிய ஐந்து வசனங்களுக்குள்ளேயே எழுதுகோலும் வந்துவிடுகிறது. தொழுகை, நோன்பு இவற்றைப் பற்றிய விதிகள் எல்லாம் பிற்பாடுதான்.

624இல் பத்ருப் போர் நடந்தது. சிறைப்பட்ட மக்காவாசிகளில் பணம் கொடுத்து மீள வழியில்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று ஏற்பாடாயிற்று. நேற்று வரை வாளோடு எதிரே நின்றவன் இன்றைக்கு உபாத்தியாயர்!

சரி, பெண்கள் எங்கே வந்தார்கள் என்கிறீர்களா? அழைக்கக் காத்திராமல் தாங்களே வந்தார்கள். உபதேசம் கேட்கிற இடத்தை எப்போதும் ஆண்களே அடைத்துக் கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டும் என்று அவர்கள் நபிகள் நாயகத்திடமே போய் முறையிட்டார்கள். அவர்களும் அப்படியே நாள் குறித்துக் கொடுத்து வந்து போதித்தார்கள். மதீனத்துப் பெண்களுக்கு வெட்கம் உண்டு, ஆனால் மார்க்க விஷயத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்ள அந்த வெட்கத்தை அவர்கள் குறுக்கே விட்டதில்லை என்று நாயகத்தின் துணைவியார் ஆயிஷா பாராட்டியிருக்கிறார். அந்த ஆயிஷா அம்மையார் வாயிலாக மட்டும் 2,210 நபிமொழிகள் உலகத்துக்குக் கிடைத்திருக்கின்றன. வயது முதிர்ந்த தோழர்களே சிக்கலான விஷயம் வந்தால் அவரிடம்தான் கேட்டுத் தெளிவார்களாம்.

இன்னொரு சிறு செய்தி என் மனத்தைக் கவர்ந்தது. ஷிஃபா என்று ஒரு பெண்மணி. அந்தக் காலத்திலேயே எழுதத் தெரிந்தவர். நாயகத்தின் மற்றொரு துணைவியாரான ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் இவர்தான். பின்னால் குர்ஆன் முழுவதையும் ஏட்டில் தொகுத்தபோது, அந்த மூல ஏடு கலீபா அபூபக்கரிடம் இருந்து உமரிடம் வந்து, கடைசியில் யாருடைய பாதுகாப்பில் இருந்தது தெரியுமா? உமரின் மகளான இந்த ஹஃப்ஸாவிடம். கலீபா உதுமான் காலத்தில் பிரதிகள் எடுக்க வேண்டி வந்தபோது அவரிடமிருந்துதான் அதை வாங்கிச் சென்றார்கள். ஒரு பெண் கற்றுக் கொடுத்து, ஒரு பெண் கற்றுக் கொண்டு, அந்தப் பெண்ணின் கையில் ஒரு சமயத்தின் மூல ஏடு!

இனி, பாட்டியம்மாளின் கேள்விக்கு வருவோம்.

நாயகம் மறைந்த பிறகு அவர்கள் சொன்னதும் செய்ததும் வாய் வழியாகவே பரவின. வாய் வழி என்றால் கூட்டல் கழித்தல் வரத்தானே செய்யும்? நம் வீட்டு ஆவக்காய் ஊறுகாயையே எடுத்துக் கொள்ளுங்கள். "இதுதான் எங்க பாட்டி பக்குவம்" என்று பத்துப் பேர் பத்து விதமாகப் போடுகிறோம். அதனால் அந்தக் காலத்து அறிஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு செய்தியைச் சொல்கிறவர், அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று நாயகம் வரைக்கும் ஒவ்வொரு பெயராகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் வரிசைக்கு 'இஸ்நாத்' என்று பெயர். வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், நடுவில் ஒருவர் ஞாபக மறதிக்காரராக இருந்தாலும், செய்தியின் மதிப்பு குறைந்து போகும்.

ஒரு கண்ணி குறைந்தால் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! அதற்காகவே மனிதர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். நபித் தோழர் ஜாபிர், ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்டவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி ஒரு மாதம் பிரயாணம் செய்து சிரியா தேசத்துக்குப் போனாராம். கேட்க வேண்டியது ஒரே ஒரு செய்தி!

மேடைப் பேச்சுகளில் நாம் அடிக்கடி கேட்கிற ஒரு வாசகம் உண்டு. சீன தேசம் போயாவது கல்வியைத் தேடச் சொல்லும் வாசகம். ஜோரான வாசகந்தான். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் பெயர் வரிசையைச் சோதித்து, பலவீனமானது என்று தள்ளிவிட்டார்கள். கல்விக்கு ஆதரவான வாசகமாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர்கள் விடவில்லை. எனக்கு அந்த நேர்மை வெகுவாகப் பிடித்தது. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று இப்னு மாஜாவின் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. 'முஸ்லிமான பெண்ணுக்கும்' என்று பிற்காலத்தில் யாரோ ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். அதையும் மூலத்தில் இல்லாதது என்று எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சேர்க்கத் தேவையே இல்லை, 'ஒவ்வொரு முஸ்லிம்' என்றாலே அதில் பெண்ணும் அடக்கம் என்பது அவர்கள் கொடுக்கிற விளக்கம்.

இப்படிச் சலித்துச் சலித்து எடுத்த தொகுப்புகளில் தலையாயது இமாம் புகாரியுடையது. 810இல் புகாரா நகரில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார்தான் வளர்த்துப் படிக்க வைத்தார். பதினாறு வயதில் தாயாரும் தமையனும் அவரும் மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போனார்கள். யாத்திரை முடிந்தது. தாயாரும் தமையனும் ஊர் திரும்பினார்கள். பையன் திரும்பவில்லை; அங்கேயே தங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டான். பதினாறு வயதுப் பிள்ளையைக் கண் காணாத சீமையில் விட்டுவிட்டு அந்தத் தாய் எப்படித்தான் ஒட்டகம் ஏறினாளோ! அதைப் பற்றிப் புத்தகங்களில் ஒரு வரி இல்லை. பிள்ளை பதினாறு வருஷம் உழைத்து நூலை முடித்தார் என்பது மட்டும் இருக்கிறது.

அந்த நூலுக்கும் பெயர் வரிசை உண்டு. புகாரியிடம் கேட்டவர்களில் ஒருவர் ஃபிரப்ரீ. அவரிடம் கேட்டவர் குஷ்மீஹனீ. அவரிடம் கேட்டவர் கரீமா.

ஆம், கரீமா என்பது ஒரு பெண்ணின் பெயர்தான்.

இப்போது துருக்மேனிஸ்தான் என்று சொல்கிற தேசத்தில் அன்று மர்வு என்று ஒரு பெரிய நகரம். அதன் அருகே குஷ்மீஹன் கிராமம். கரீமாவின் தந்தை அந்த ஊர்க்காரர். புகாரியின் நூலைக் கேட்டறிந்த பெரியவரும் அதே ஊராக அமைந்தது பெண்ணின் அதிர்ஷ்டம். அவரிடம் நூல் முழுவதையும் கேட்டுக் கற்றார் கரீமா. பிறகு தந்தை மகளை அழைத்துக் கொண்டு கிளம்பினார். எங்கே? ஜெருசலத்துக்கு. அங்கிருந்து மக்காவுக்கு. மர்வுக்கும் மக்காவுக்கும் ஆகாய மார்க்கமாக அளந்தாலே 2,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தில் மலையும் பாலைவனமுமாகச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். என் எதிர் வீட்டிலிருந்து காலேஜுக்கு ஒரே பஸ் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரீமா அம்மையார் மக்காவிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. அவர் இருந்த இடம் ஒரு பாடசாலையாயிற்று. ஹஜ்ஜுக்கு வருகிற அறிஞர்கள் கடமை முடிந்ததும் அவரைத் தேடிப் போனார்கள். பாக்தாது நகரத்தின் அறிஞர்களைப் பற்றி மாபெரும் சரித்திரம் எழுதிய கதீப் அல் பாக்தாதி அவர் முன்னால் உட்கார்ந்து புகாரியின் நூலை ஐந்தே நாளில் படித்து முடித்தார். ஏழாயிரத்துக்கும் அதிகமான நபிமொழிகள்! அப்படியானால் படித்தவருக்கு இருந்த அவசரத்தையும், அத்தனையையும் காது கொடுத்துக் கேட்டுப் பிழை திருத்திய அம்மையாரின் பொறுமையையும் எண்ணிப் பாருங்கள்.

கூஃபா நகரத்து மாணவர் நர்ஸீ என்பவர் ஒரு சம்பவத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். கரீமா தம்முடைய மூலப் பிரதியை எடுத்துக் கொடுத்தாராம். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு ஏடுகளை எழுதிக் கொண்டார். எழுதினதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைத் தாமே தனியாகப் பார்த்துக் கொள்ளலாம் என்பது மாணவரின் எண்ணம். அம்மையார் முடியாது என்று சொல்லிவிட்டார். தம்மோடு சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். மாணவரும் அப்படியே உட்கார்ந்து ஒப்பிட்டார்.

ஏழு ஏடுதானே என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தப் பிரதி நாளைக்கு கூஃபாவுக்குப் போகும். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். "யாரிடம் கேட்டாய்?" என்று அங்கே யாராவது கேட்டால், கரீமா என்றல்லவா பதில் வரும்? தம் பெயரைத் தாங்கிப் போகிற எழுத்தில் ஒரு புள்ளி தவறினாலும் பொறுப்பு தம்முடையது என்று அவருக்குத் தெரியும். புகாரி நூலைக் கேட்பதானால் கரீமாவிடமே கேளுங்கள் என்று அவர் காலத்து அறிஞரான அபூதர் என்பவரே தம் மாணவர்களுக்குச் சொன்னாராம். அவரும் அதே நூலைப் போதித்தவர். ஒரு கடைக்காரர் எதிர்க் கடையைச் சிபாரிசு செய்கிற மாதிரி! ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்து 1070இல் அம்மையார் காலமானார்.

கரீமா ஒருவர்தானா என்றால் இல்லை. டமாஸ்கஸ் நகரில் ஸைனப் பின்த் அல் கமால் என்று ஒரு மூதாட்டி இருந்தார். சிறு வயதில் கண் நோயால் அவதிப்பட்டவர். அவரும் மணம் செய்து கொள்ளாதவர். நூல்களைப் போதிக்க ஆசான்கள் கொடுக்கிற அனுமதிப் பத்திரத்துக்கு 'இஜாஸா' என்று பெயர். அப்படி அனுமதி பெற்று அவர் வைத்திருந்த நூல்கள் ஓர் ஒட்டகச் சுமை தேறுமாம். மாணவர்கள் பகலில் பெரும் பகுதி அவர் எதிரே உட்கார்ந்து படித்துக் கொண்டே இருப்பார்களாம், அவர் சலிக்காமல் கேட்டுக் கொண்டே இருப்பாராம். தொண்ணூறு வயதுக்கு மேல் இருந்து 1339இல் காலமானார்.

1326இல் அந்த ஸைனபிடம் அனுமதிப் பத்திரம் வாங்கிக் கொண்ட வாலிபர் ஒருவர் நமக்கும் பழக்கமானவர். யாத்திரிகர் இப்னு பதூதாதான்! பல வருஷம் கழித்து அவர் நம் தேசத்து மேற்குக் கரைக்கு வந்தார். இன்றைக்குக் கர்நாடகத்தில் இருக்கிற ஹொன்னாவரில் பெண்களுக்கு 13 பள்ளிக்கூடங்களும் பையன்களுக்கு 23 பள்ளிக்கூடங்களும் இருக்கக் கண்டாராம். அந்த ஊர்ப் பெண்கள் குர்ஆனை மனப்பாடமாக ஓதினார்கள் என்றும், இப்படி வேறெங்கும் கண்டதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். 1340களில் மதுரைக்கும் வந்தார். மதுரையைப் பற்றி அவர் எழுதியது பெரும்பாலும் சுல்தானின் கொடுமையும் ஊரில் பரவிய கொள்ளை நோயுந்தான். பள்ளிக்கூடம் பார்க்க அவகாசம் இல்லை போலிருக்கிறது.

பிற்பாடு வந்த சில நூற்றாண்டுகளில் இந்தப் பெண்களின் பெயர்கள் ஏடுகளில் குறைந்து கொண்டே போயின. ஒரேயடியாக மறந்து போகும் நிலையும் வந்தது. ஜவுன்பூர்ப் பக்கம் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்கிற மௌலானா முஹம்மது அக்ரம் நத்வி என்னும் அறிஞர், ஹதீஸ் கற்றுப் போதித்த பெண்களின் பட்டியலைத் திரட்ட ஆரம்பித்தார். சின்னப் புத்தகமாக முடியும் என்று நினைத்தாராம். 2021இல் அது 43 பாகங்களாக வெளிவந்தது. சுமார் 10,000 பெண்கள்!

அதே 2021இல், கரீமா பிறந்த சீமைக்குத் தெற்கே, ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கத் தடை போட்டார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களின் கதவையும் சாத்தினார்கள். மார்க்கத்தின் பெயராலேதான் செய்தார்கள். இது மார்க்கச் சட்டத்துக்கே விரோதமானது என்று கெய்ரோவிலிருந்து அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அப்போதே அறிக்கை விட்டார். கதவு திறக்கவில்லை.

இவ்வளவையும் சேகரித்துக் கொண்டு போன வாரம் மறுபடியும் எதிர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கையில் தூக்கு இல்லை. காரணம் சொல்லிக் கொள்ள ஒன்றுமில்லாமலே போனேன்.

பாட்டியம்மாள் மடியில் ஒரு பழைய கிதாபு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதிய 'மகானி'. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த அந்தப் பெரியவர், தொழுகை முதலிய சட்டங்களை அரபுத் தமிழில் எழுதி வைத்தார். பேசுகிற பாஷை தமிழ். எழுத்து மட்டும் அரபி. தமிழ் ஓசைகளுக்காக அரபி எழுத்துக்களில் கூடுதல் புள்ளிகளைச் சேர்த்துக் கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், வீட்டில் குர்ஆன் ஓத மட்டும் கற்றுக் கொண்ட பெண்கள் இந்த எழுத்தைக் கொண்டே சட்டமும் சரித்திரமும் படித்துவிடுவார்கள். பாட்டியம்மாளும் அப்படிப் படித்தவர்தான். பேத்திக்கோ அந்த எழுத்து ஓடாது. ஆகவே பாட்டி வாசிக்க, பேத்தி தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டிருந்தாள்.

நான் கரீமா அம்மையாரின் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, இது எந்தக் கிதாபுலே இருக்கு?" என்றாள்.

1348இல் காலமான தஹபீ என்னும் சரித்திர ஆசிரியரின் நூலில் என்றேன். எழுதிக் கொண்டாள். பாட்டியம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அன்றைய பக்கம் முடிந்தது. "சரி பார்க்கிறதை ராத்திரி நான் பார்த்துக்கறேன்" என்று பேத்தி நோட்டை மூடப் போனாள்.

"தனியாப் பார்த்தா உனக்கு இந்த எழுத்துத் தெரியுமா? உட்காரு. நான் முதல்லேருந்து வாசிக்கிறேன். நீ வரி வரியாப் பாரு" என்றார் பாட்டியம்மாள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக் கொண்டே.

உட்கார்ந்தாள். கடைக்குக் கிளம்பிய தகப்பனார் செருப்பை மாட்டிக் கொண்டு வாசற்படியிலேயே நின்றார். இரண்டு வரி, மூன்று வரி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுப் போனார். கூடத்து மேஜை மேல் காலேஜ் விண்ணப்பம் கிடந்தது. எல்லாக் கட்டங்களும் அழகாக நிரப்பியாகிவிட்டது. தகப்பனார் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.